பட்டாளத்துப் பெரியப்பா

யுத்தத்துக்குப் போய் வந்தவர் என்றதுமே, முறுக்கிய மீசையும் மார்பு நிறையப் பதக்கங்களுமாய்த் திண்ணையில் அமர்ந்து வீரக் கதை பேசும் கிழவர் ஒருவரைக் கற்பித்துக்கொள்வது நம் வழக்கம். எங்கள் பெரியப்பாவுக்கு அந்தச் சித்திரம் சற்றும் பொருந்தாது. மழை பொய்த்த ஒரு வருஷம், வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வயிற்றுப்பாட்டுக்காகப் பெங்களூருக்கு ரயிலேறி, மதராஸ் சாப்பர்ஸ் படையில் பெயர் கொடுத்து, பாலம் போடவும் பாதை வெட்டவும் மண்ணில் புதைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கவும் பழகி, வட ஆப்பிரிக்காவின் மணலையும் இத்தாலியின் சேற்றையும் மிதித்து மீண்ட அவர், தாம் யாரையேனும் சுட்டதாகச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

மோன்டே கஸ்ஸினோ மலைமேலிருந்த புராதன மடாலயத்தை 1944 பிப்ரவரி 15ஆம் தேதி நேச நாட்டு விமானங்கள் தகர்த்ததை அடிவாரத்திலிருந்து பார்த்தவர் அவர். "நம்ம கோயில் இடிஞ்ச மாதிரி இருந்துச்சுடா" என்பார். அதற்குமேல் பேச்சு எழாது. அவர் மனம் விட்டுச் சொன்னது ஒரு சம்பவத்தைத்தான். அதே மாதம் 24ஆம் தேதி, மின்யானோவுக்கு அருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த அணியில் ஒருவன் வெடியை மிதித்துவிட, அது சிதறுமுன் தம் உடலையே அதன்மேல் கிடத்தி மற்றவர்களைக் காத்து மாண்ட செங்கற்பட்டு ஜில்லாக்காரர் சுபேதார் சுப்பிரமணியத்தைப் பற்றியது அது. அவருக்கு மரணத்துக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. பெரியப்பா அப்போது அங்கே இல்லை. முகாமில் செய்தியாகக் கேட்டவர்தான். ஆனால் ஊர் திரும்பியபின் பிறந்த மூத்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். திருத்தணி முருகனுக்கு நேர்ந்துகொண்ட பிள்ளை என்றே பெரியம்மா வெகுகாலம் நம்பியிருந்தாள்.

கண்ணிவெடி தேடுபவன் பயனெட்டைச் சாய்வாகவே செருகி, மண்ணின் தடையை விரல்நுனியால் உணர்ந்து நகரவேண்டுமாம்; செங்குத்தாகக் குத்தினால் அழுத்தம் வெடியின் தலைமேல் விழும். இந்த அப்பியாசம் அவர் கையை விட்டு நீங்கவேயில்லை. பனங்கிழங்கு தோண்டும்போதும் கம்பி சாய்ந்தே இறங்கும். ஒரு கிழங்குகூடக் காயப்பட்டு நான் பார்த்ததில்லை. இருட்டிய பின் வரப்பு வழியே வீடு திரும்புகையில் அவர்தான் முன்னே நடப்பார். "என் அடியில அடி வெச்சு வாங்க" என்று குழந்தைகளுக்கு உத்தரவாகும்.

அவர் அனுப்பிய மணியார்டரில்தான் என் தகப்பனார் படித்தார். இரண்டு அத்தைமார்களின் கல்யாணமும் அதில்தான் நடந்தது. இவற்றையெல்லாம் கணக்குச் சொல்லிக் காட்டுகிற ஸ்வபாவம் அவருக்கு இல்லை. ஆயினும் அவருடைய உண்மையான மகத்துவத்தை நான் கண்டது, பக்கவாதத்தில் பெரியம்மா படுத்தபோதுதான். உடம்பில் புண் வராதிருக்கும் பொருட்டு இரண்டு மணிக்கொருமுறை கடிகாரம் பார்த்து எழுந்து, எண்பது வயதுக் கைகளால் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகில் பவுடர் தூவி, விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டு, மறுபடி நாற்காலியில் சாய்வார். ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று நாங்கள் மன்றாடியதற்கு, "கல்யாணமான ஆறாம் மாசம் கப்பலேறினேன். அவ எத்தனை ராத்திரி தனியா முழிச்சிருப்பா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அவள் காலமான பிறகும் சில வருஷங்கள் இருந்தார். நவம்பர் பிறந்தால் உயிர்ச்சான்று கொடுக்கத் தாமே புறப்படுவார். பென்ஷன் கைக்கு வந்ததும் பேத்தியின் கல்லூரிச் சம்பளத்தை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் தமக்கு மருந்து வாங்கிக்கொண்டார்.