கடைசியில் வருபவர்

ஜெஞ்சாரோமில் மலை கிடையாது. கடலோரத்தை ஒட்டிய தட்டை நிலம் எங்களுடையது. செம்பனைத் தோட்டங்கள், அவற்றினூடே ஓடும் வாய்க்கால்கள், தொழிற்சாலைகள், சீனப் பெருநாளின்போது விளக்குகளால் நிறையும் தோங் சென் பௌத்த ஆலயம். இவற்றைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு உயரம் என்றால் செம்பனை மரத்தின் உச்சிதான். பந்திங் பக்கம் போனால் புக்கிட் ஜுக்ரா உண்டு. அதன் சரிவில் சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை இருக்கிறது. மேலே கலங்கரை விளக்கம். அதைக் குன்று என்று சொல்வதே பொருத்தம். ஆனாலும், தோட்டத்து லயத்தில் வளர்ந்த எங்களுக்கு மலை என்றால் அதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்த நீங்கள் எப்படி மலையேறத் தொடங்கினீர்கள் என்று அலுவலகத் தோழியர் கேட்பதுண்டு. நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டில், 1997 மே 23ஆம் நாள், எம்.மகேந்திரனும் என்.மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார்கள். அந்தச் சிகரத்தைத் தொட்ட முதல் மலேசியர்கள் அவர்கள். அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தி முடியும்வரை அப்பா சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தியபடியே நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லி அம்மா இருமுறை கூப்பிட்டதும் அவர் காதில் விழவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் மகிழ்வார்கள். ஆனால், முழு உண்மை வேறு. எவரெஸ்ட் என்னை மலைக்கு அனுப்பவில்லை. நாற்பதை நெருங்கியபோது வந்த இரத்தப் பரிசோதனை அறிக்கைதான் அனுப்பியது.

எங்கள் குழுவுக்குப் பெயரோ பதிவோ இல்லை. புலனத்தில் ஒரு குழு, ஆள்கள் பன்னிரண்டு பேர், அவ்வளவுதான். லோரி ஓட்டுநர் ஒருவர், தாதி ஒருவர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருவர், கல்லூரி மாணவர்கள் சிலர். எல்லாரிலும் மூத்தவரை மாமா என்று அழைப்போம். செம்பனை ஆலையின் கொதிகலன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சல் அவருடைய செவித்திறனில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. காதுக்கருவி வைத்திருக்கிறார். வியர்வை பட்டால் கெட்டுவிடும் என்று மலையேறும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு, எங்கள் உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். நான் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்தேன் என்பதால் இன்றும் என்னை அவர் "டீச்சர்" என்றே அழைக்கிறார்.

2023 மே மாதம். புத்ராஜெயாவிலிருந்து வீடு திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமையன்று, கைப்பேசியில் செய்திகள் வந்து குவிந்திருந்தன. எவரெஸ்டுக்குச் சென்றிருந்த மலேசியக் குழுவைப் பற்றிய செய்திகள் அவை. கெடா மாநிலப் பொதுத் தற்காப்புப் படையின் இயக்குநர் அவாங் அஸ்கண்டார், 56 வயது, உச்சியை நோக்கி ஏறும் வழியில் உயிரிழந்திருந்தார். அந்தச் செய்தியை மனம் ஏற்றுக்கொள்வதற்குள் அடுத்தது வந்தது. அதே குழுவைச் சேர்ந்த முகமட் ஹவாரி ஹஷிமைக் காணவில்லை. 33 வயது. மே 18ஆம் நாள் உச்சியை அடைந்து, இறங்கும் வழியில் காணாமற்போயிருந்தார். அவர் செவித்திறனற்றவர்.

எங்களில் யாரும் ஹவாரியைச் சந்தித்ததில்லை. ஆனாலும், எங்கள் குழுவில் மறுநாள் ஒருவரும் காலை வணக்கப் படம் அனுப்பவில்லை. வேறு நாளில் விடியுமுன்னே பூவும் தேநீருமாகப் பத்துப் படங்கள் வந்துவிடும். எவரெஸ்டுக்குப் புறப்படும் மலேசியர்கள் பலர் உலு லங்காட்டிலுள்ள நுவாங் மலையில் முதுகில் சுமையோடு ஏறி இறங்கிப் பயிற்சி செய்வார்கள். அந்தப் பாதையில் நாங்களும் நடந்திருக்கிறோம். எதிரே வருபவர் யார், எங்கே போகவிருக்கிறார் என்று தெரியாமலேயே அவருக்கு வழிவிட்டு, ஒரு புன்னகையோ ஓர் ஆரஞ்சுச் சுளையோ கொடுத்துவிட்டுப் போவோம். காட்டில் ஏற்படும் உறவு அப்படிப்பட்டது. யாரை இழந்தோம் என்று தெரியாவிட்டாலும், இழந்தது நம்மவரை என்பது தெரிந்துவிடுகிறது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் வேறு வகையான பேச்சு. "காது கேளாதவர் அங்கெல்லாம் ஏன் போகவேண்டும்?" என்றார் ஒருவர். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. ஆயினும், அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. ஹவாரியைக் காணவில்லை என்ற செய்தி பரவிய அதே மே 19ஆம் நாள், முழங்காலுக்கு மேல் இரண்டு கால்களையும் போரில் இழந்த ஹரி புத்தா மகர் என்னும் முன்னாள் கூர்க்கா வீரர் செயற்கைக் கால்களோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அவரைப் போன்றோரும் பார்வையற்றோரும் அம்மலையில் ஏறக்கூடாது என்று 2017இல் நேப்பாள அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஒருவர் வென்றால் அவருடைய குறையைப் பாராட்டுகிறோம். இன்னொருவர் திரும்பாவிட்டால் அதே குறையைக் காரணமாக்குகிறோம். இது நேர்மையாக எனக்குப் படவில்லை.

அந்த உயரத்தில் எல்லாரும் குறையுள்ளவர்களே. எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பகுதியை மலையேறிகள் மரண மண்டலம் என்பார்கள். எவரெஸ்டின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். உயிர்வாயுக் கலன் இருந்தாலும் மூளை மந்தமாகிவிடும். கையுறையைக் கழற்றினோமா, கயிற்றில் கொக்கியை மாட்டினோமா என்பதுகூட நினைவில் நிற்காது. இரவில் முகாமைவிட்டுப் புறப்பட்டவர்கள் பகலில் உச்சியை அடையும்போது உடலில் எவ்வளவு வலிமை மிஞ்சியிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது. இறங்கும்போதுதான் தெரியவரும். மலை விபத்துகளில் பல இறக்கத்தில் நேர்வது அதனால்தான். இவற்றோடு சைகை மொழியில் பேசும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தடித்த கையுறைக்குள் விரல்களால் பேச முடியாது. உயிர்வாயு முகமூடிக்குள் உதடுகள் தெரியாது. இருட்டில் கைகளும் தெரியாது. இவ்வளவையும் தாண்டித்தான் ஹவாரி உச்சிக்குப் போனார். செவித்திறனற்ற மலேசியர் எவரும் அதற்குமுன் அங்கு நின்றதில்லை.

இதையெல்லாம் அந்த அலுவலக நண்பரிடம் ஓரளவு சூடாகவே சொன்னேன். ஆனால், எனக்குள் இருந்த வேறொன்றை அவரிடம் சொல்லவில்லை.

2019ஆம் ஆண்டின் இறுதியில் நாங்கள் நுவாங் மலைக்குப் போயிருந்தோம். சிலாங்கூரின் உயர்ந்த மலைகளுள் ஒன்று அது, 1,493 மீட்டர். பங்சூனிலிருந்து தொடங்கும் பாதை முதலில் அகலமான மண்சாலையாக நீண்டுகொண்டே போகும். அதை முடிவில்லாப் பாதை என்றே மலையேறிகள் அழைக்கிறார்கள். அது முடிந்ததும் லோலோ முகாம். ஓடையைக் கடந்தால் செங்குத்தான ஏற்றம். அடுத்தது பாச்சாட் முகாம். பாச்சாட் என்றால் அட்டை. பெயருக்கு ஏற்ற இடம்தான். விடியுமுன் ஏறத் தொடங்கினாலும் திரும்பி வரப் பொழுது சாய்ந்துவிடும்.

அன்று இறங்கும்போது எல்லாருக்கும் கடைசியில் வரவேண்டிய பொறுப்பு என்னுடையது. மாமாவுக்கு முழங்கால் வலி. இரண்டு அடி வைப்பார், மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மழை தூறத் தொடங்கியது. எனக்கோ குளிர், பசி, மறுநாள் அலுவலகத்தில் ஒரு கூட்டம். "மாமா, மெதுவாக வாருங்கள்; நான் கீழே முகாமில் நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டு இளைஞர்களோடு வேகமாக இறங்கிவிட்டேன். பாதை ஒன்றுதானே, எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்தேன்.

லோலோ முகாமில் ஆள்களை எண்ணியபோது பதினொருவர் இருந்தோம். அரை மணி நேரம் காத்திருந்தோம். மாமா வரவில்லை. நாங்கள் ஐவர் மீண்டும் ஏறினோம். "மாமா! மாமா!" என்று கத்தினோம். ஊதலை விட்டுவிட்டு ஊதினோம். நின்று காது கொடுத்துக் கேட்டோம். மழையும் ஓடையும் தவிர வேறு சத்தம் இல்லை. இப்படியே ஒரு மணி நேரம் போயிருக்கும். இருட்டத் தொடங்கிய வேளையில், எங்களோடு வந்த கல்லூரி மாணவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், மாமாவுக்கு ஊதல் கேட்காதே."

அவ்வளவு நேரமும் நாங்கள் அவரைத் தேடவில்லை, கூவிக்கொண்டிருந்தோம். வாயை மூடிக்கொண்டு தலைவிளக்குகளைக் கழற்றிக் கையில் பிடித்தோம். மரங்களினூடே வலமும் இடமுமாக ஆட்டினோம். சிறிது நேரத்தில் கீழே ஓடைப் பக்கமிருந்து ஒரு கைப்பேசியின் வெளிச்சம் அசைந்தது. தண்ணீர் பிடிப்பதற்காகக் கிளைப்பாதையில் இறங்கியவர் திரும்பும் வழியைத் தவறவிட்டு, ஒரு பாறையில் அமர்ந்திருந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வழி தவறினால் நடக்கக்கூடாது, உட்கார்ந்துவிட வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், டீச்சர்" என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல; நல்ல பாடம் சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதுபோலச் சொன்னார். வீட்டில் அத்தையிடம், மழையால் தாமதமாகிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நானும் அதோடு விட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தன. கேட்கவில்லை.

ஹவாரியைக் காணவில்லை என்ற செய்தி வந்த இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் புக்கிட் ஜுக்ராவில் ஏறினோம். வேறு திட்டம் இருந்தது; அதைத் தள்ளிவைத்தோம். வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை, பெரிய மலைக்குப் போகவும் மனம் வரவில்லை. வழக்கமாக ஒருவருடைய பையிலிருந்து பாட்டு ஒலிக்கும். அன்று இல்லை. மேலே போனதும் அவரவர் ஓரிடத்தில் அமர்ந்தோம். கீழே செம்பனைப் பச்சை, அதற்கப்பால் கடல். தாதி அக்காள் மட்டும் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமா என் அருகில் வந்து அமர்ந்தார்.

"அந்தத் தம்பிக்குக் காது கேட்காதாமே, டீச்சர்?"

"ஆமாம், மாமா."

நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "காணாமற்போனவரைத் தேடினால் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடத் தோன்றும். யாராய் இருந்தாலும் அப்படித்தான். நாமும் அப்படித்தானே" என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பி, உதடுகள் தெளிவாகத் தெரியும்படி மெதுவாகப் பேசினேன். அன்று நுவாங்கில் கடைசியில் வரவேண்டியவள் நான் என்றும், மழைக்குப் பயந்து அவரை விட்டுவிட்டு இறங்கினேன் என்றும் சொன்னேன். மாமா முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும், சட்டைப்பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"கருவி பையில் இருக்கிறது, டீச்சர். ஒன்றும் கேட்கவில்லை."

எவரெஸ்டில் தேடுதல் பல நாள்கள் நடந்தது. ஹவாரி கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத துக்கத்தில் எந்த நாளில் அழுது முடிப்பது என்றே தெரிவதில்லை. அவருடைய குடும்பத்தாரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

எங்கள் குழுவில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரிடம் சைகை மொழியில் சில சொற்களைக் கற்றுக்கொண்டோம். நில், வா, தண்ணீர், வலிக்கிறது, நலம், இப்படிப் பத்துப் பன்னிரண்டு சொற்கள். லோரி ஓட்டுநர் அண்ணன் 'தண்ணீர்' என்பதையும் 'வலிக்கிறது' என்பதையும் இன்றும் மாற்றித்தான் காட்டுகிறார். நாங்களும் தண்ணீரையும் தைலத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறோம். ஆள்கணக்கை இப்போது வாயால் எடுப்பதில்லை. தோளைத் தொட்டு எண்ணுகிறோம்.

அந்த ஆண்டின் இறுதியில், வனத்துறையின் அனுமதி பெற்று மீண்டும் நுவாங் மலைக்குப் போனோம். பாச்சாட் முகாமைத் தாண்டி இறங்கும்போது கடைசியில் வரும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமா எனக்கு முன்னால் நடந்தார். இரண்டு அடி வைத்து நிற்பார், நானும் நிற்பேன். பாதை வளையும் இடங்களில் அவர் திரும்பி, கையை உயர்த்தி, நலமா என்று சைகையால் கேட்டார். நலம் என்று காட்டினேன். தலையை அசைத்துவிட்டு, அடுத்த மரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.