பீமா நதிக்கரையில் தோண்டப்பட்ட துரவுகள்

சென்னையிலிருந்து புனே வரும் இரயில் தௌண்டைக் கடக்கையில் நாம் பெட்டிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடுகிறோம். பீமா நதிப் பள்ளத்தாக்கிலுள்ள இச்சிறு நகரைச் சுற்றிலும் கரும்பு செழித்து நிற்கிறது. புனேயின் முளா-முட்டா நதியும் பீமாவிலேயே சங்கமிக்கிறது.

இதே தாலுகாவின் கேட்காவ் கிராமத்தில்தான் பண்டித ரமாபாய் அம்மையாரின் முக்தி மிஷன் அமைந்துள்ளது. பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர் அவர். 1896-97ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் திக்கற்ற பெண்பிள்ளைகளை அழைத்துவந்து, கிணறுகள் வெட்டி, நிலத்தைப் பண்படுத்தி, கல்வியும் கைத்தொழிலும் அளித்தார். 1905இல் அப்பிள்ளைகளின் ஜெபத்திலே எழுப்புதல் பற்றியெரிந்தது. அசூசா தெரு எழுப்புதல் உண்டானது 1906இல்தான்.

பஞ்சகாலத்தில் ஈசாக்கு அந்நியதேசத்தில் விதைத்தான், துரவும் தோண்டினான். பிழைக்க வந்த நாம் இங்கே அறுப்பதோடு நின்றுவிடுவோமோ? இம்மண்ணின் திக்கற்ற பிள்ளைகளுக்காக ஒரு துரவாகிலும் தோண்டுவோமாக.