மொட்டை மாடியில் அப்பாவின் கம்பி

செல்போன் கோபுரம் வேண்டாம். இன்டர்நெட் வேண்டாம். சிம் கார்டும் வேண்டாம். ஒரு ரேடியோ பெட்டி, ஒரு 12 வோல்ட் பேட்டரி, மொட்டை மாடியில் ஒரு கம்பி. இவ்வளவு இருந்தால் சென்னையிலிருந்து மதுரையோடும் பேசலாம், ஜப்பானோடும் பேசலாம். இதுதான் ஹாம் ரேடியோ. மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் வாங்க வேண்டும். 12 வயது ஆனாலே எழுதலாம். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செத்துப்போனபோது, போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவும்தான் அங்கிருந்து செய்திகளை வெளியே அனுப்பினார்கள்.

என் அப்பா 40 வருடமாக ஹாம். கும்பகோணம் வீட்டில் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே அவருடைய கம்பி தொங்கும். அதன் நடுவிலிருந்து இரண்டு ஒயர்கள், குறுக்கே பிளாஸ்டிக் குச்சிகள் வைத்து, ஏணி மாதிரி ஜன்னல் வரை இறங்கி வரும். மேஜையில் ட்யூனர் என்று ஒரு பெட்டி. எந்த அலைவரிசைக்குப் போனாலும் அதன் குமிழ்களைத் திருகிச் சரிசெய்துகொள்வார். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் தமிழ்நாட்டு நண்பர்கள், மாலையில் 14 மெகாஹெர்ட்ஸில் வெளிநாட்டுக்காரர்கள்.

அம்மா போன பிறகு 78 வயதில் அவரைத் தனியாக விட மனமில்லாமல் சென்னைக்கு எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்து வந்தோம். சாப்பாடு, மருந்து, டி.வி., எதற்கும் குறையில்லை. ஆனால் மனிதர் பேசுவதே குறைந்துவிட்டது. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பார். காலை ஆறரைக்கு எழுந்து, அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் காலைக் கூட்டத்தில் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மற்றவர்கள் விசாரிப்பார்கள். இவரை விசாரிப்பது இவருக்கே கேட்காத இடத்தில் இருந்தார்.

கம்பி கட்டுவது என்று முடிவு செய்தோம். முதல் தடை, குடியிருப்போர் சங்கம். "இடியை இழுக்காதா? டி.வி. கெடாதா?" என்று கேட்டார்கள். அப்பா கூட்டத்துக்கே போய்ப் பதில் சொன்னார். மேகம் கூடினால் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவேன். மின்சார வாரியக் கம்பி இருக்கும் பக்கமே போகமாட்டேன். யார் வீட்டு டி.வி.யில் கோடு விழுந்தாலும் அன்றைக்கே நிறுத்துகிறேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டாவது தடை, இடம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளக் கம்பி வேண்டும். கணக்கு எளிது: 143-ஐ அலைவரிசையால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். 7.1-க்குச் சுமார் 20 மீட்டர். எங்கள் மாடியில் மூலைக்கு மூலை அளந்தாலும் 15 மீட்டர்தான். அப்பா அசரவில்லை. "கம்பியோட நடுவுலதாம்மா மின்னோட்டம் அதிகம். வேலை செய்யுறது அந்தப் பகுதிதான். நுனியை மடக்கினா பெரிய நஷ்டமில்லை" என்றார். நடுவில் 6 மீட்டர் மூங்கில் கழி. அதன் உச்சியிலிருந்து கூரைபோல இரண்டு பக்கமும் ஒயர். மிச்சம் இருந்ததைப் பக்கவாட்டில் மடக்கிக் கட்டினோம். நுனியில் மின்னழுத்தம் அதிகம் என்பதால் துணி உலர்த்துபவர்கள் கைக்கும், பிள்ளைகள் கைக்கும் எட்டாத உயரம்.

ஏணி ஒயர் இங்கே சரிப்படாது. அது இரும்பு, சுவர் எதையும் ஒட்டிப் போகக்கூடாது. இங்கேயோ கைப்பிடி, குழாய், லிஃப்ட் அறை எல்லாம் இரும்பு. அதனால் கேபிள் டி.வி. ஒயர் போன்ற தடித்த கோ-ஆக்சியல் கேபிள். அப்படியானால் ட்யூனர் மட்டும் போதாது. இதை அப்பா விளக்கியது எனக்குப் பிடித்தது. தடித்த ஹோஸ் பைப்பில் மெல்லிய பைப்பைச் செருகினால் பாதித் தண்ணீர் திரும்பி அடிக்கும் இல்லையா, அதுபோலப் பொருந்தாத கம்பியிலிருந்து சக்தி திரும்பி வரும். அந்த அளவைச் சொல்லும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்று என்றால் உத்தமம், இரண்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. திரும்பி வருவதில் ஒரு பகுதி கேபிளிலேயே சூடாகி வீணாகும். "ட்யூனர் ரேடியோவைச் சமாதானப்படுத்தும், கம்பியைத் திருத்தாது" என்றார்.

அதனால் கம்பியையே திருத்தினோம். 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டரில் இன்னொரு ஜோடி ஒயரை அதே நடுப்புள்ளியில் கோத்து, கோணம் விலக்கிக் கட்டினோம். ஒரே கேபிள், இரண்டு கம்பி. எந்த அலைவரிசை போகிறதோ அதற்கு ஏற்ற ஒயரை மின்னோட்டம் தானே தேடிக்கொள்ளும். நீளக் கம்பி 21 மெகாஹெர்ட்ஸிலும் ஓரளவு வேலை செய்யும் என்பது கொசுறு. கேபிளின் மேலுறையில் சக்தி ஏறி வீடுகளுக்குள் தொல்லை தராமலிருக்க, மேல் முனையில் அதை வளையமாகச் சில சுற்றுகள் சுற்றினார்.

ஒயரை வேண்டுமென்றே நீளமாக, 20.8 மீட்டர் வெட்டியிருந்தார். வெட்டிக் குறைப்பது சுலபம், ஒட்டுவதுதான் கஷ்டம். இரண்டாம் மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆர்வமாக வந்து நின்றான். அவன் கையில் அளக்கும் கருவியைக் கொடுத்தார். எண் மிகக் குறைவாக இருந்தது 6.85-ல். அவனே கணக்குப் போட்டான்: ஒவ்வொரு பக்கமும் 36 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். குறைத்தோம். 7.1-ல் 1.3 காட்டியது. நீளக் கம்பி முடிந்த பிறகுதான் சின்னக் கம்பியில் கை வைத்தார். ஒன்று மற்றொன்றைக் கொஞ்சம் அசைக்குமாம்.

மறுநாள் காலை இரைச்சல்தான் அதிகம். எங்கள் வீட்டு எல்.இ.டி. விளக்கு ஒன்றை அணைத்ததும் பாதி அடங்கியது. அப்பா தன் அழைப்புக் குறியைச் சொல்லிக் காத்திருந்தார். கரகரப்புக்கு நடுவே ஒரு வயதான குரல்: "சார்! நாலு மாசமா உங்களைத்தான் தேடிட்டிருக்கோம். உடம்பு எப்படி இருக்கு?" அப்பா உடனே பதில் சொல்லவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் பொத்தானை அழுத்தினார்.

ஒரு மாதம் முடிந்தது. டி.வி.யில் கோடு விழுந்ததாக யாரும் சொல்லவில்லை, கம்பி நிலைத்தது. அந்தப் பையன் தேர்வுக்குப் படிக்கிறான். மாலையில் அப்பா பாடம் எடுக்கிறார். காலையில் மாத்திரை எடுத்துக்கொண்டு போனால், "இரும்மா, கோயம்புத்தூர் பேசிட்டிருக்கு" என்று கையைக் காட்டுகிறார்.

உங்கள் பக்கத்து மாடியிலும் இப்படி ஒரு கம்பி இருக்கலாம். பயப்படாமல் போய் என்னவென்று கேளுங்கள். கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள். சுருக்கமாகப் பதில் சொல்லும் ஹாமை நான் இன்னும் பார்க்கவில்லை.