மியுராவின் கோணல்கள்

மார்ச் 4, 2024, திங்கள். மோதெனா

வண்டியைப் பார்க்க வந்தால் வண்டி இல்லை, பாகங்கள்தான் இருக்கின்றன. லம்போர்கினி மியுரா பி400 எஸ், 1969-ஆம் வருடத்தது. முன்கூட்டையும் பின்கூட்டையும் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். எஞ்சின் தனி ஸ்டாண்டில் நிற்கிறது. சேசிஸை ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள். வேண்டியபோது அதைத் தலைகீழாகவும் திருப்பலாம். மற்றதெல்லாம் பெட்டிகளில். ஒவ்வொரு நட்டு, வாஷர், கிளிப்புக்கும் ஒரு சீட்டு: கழற்றிய தேதி, இடமா வலமா, எந்தத் துளை.

"கழற்றும்போது அவசரப்படுகிறவன் மாட்டும்போது அழுவான்" என்றார் பட்டறையின் மூத்த மெக்கானிக். எழுபதைத் தாண்டியவர். பையன்கள் அவர் எதிரில் சத்தமாகப் பேசுவதில்லை.

இந்தச் சமவெளியில் பிறந்தவர்களுக்குக் கார் என்பது ஊர்த் தொழில். ஃபெராரி மரநெல்லோவில், மசெராட்டி மோதெனாவில், லம்போர்கினி சாந்த் அகதா பொலொஞ்ஞேசேயில். எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். வார்ப்படம், லேத், தகட்டு வேலை, சீட்டுக்குத் தோல் தைப்பது என எதற்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

மியுரா பிறந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் அதைப் பழுதுபார்க்க முடியாது என்கிறார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன்.

டிராக்டர் செய்து பணக்காரரான ஃபெருச்சியோ லம்போர்கினி 1963-இல் கார்த் தொழிற்சாலை தொடங்கினார். ஜான்பாவ்லோ தல்லாரா, பாவ்லோ ஸ்தன்சானி என்ற இரண்டு இளம் பொறியாளர்கள். அவர்களோடு வண்டிகளை ஓட்டிச் சோதிக்க நியூசிலாந்துக்காரர் பாப் வாலஸ். மூவரும் அப்போது முப்பதைத் தொடாதவர்கள். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காக, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். தெருவில் ஓடும் காரில் அப்படிச் செய்வது அந்தக் காலத்துக்குத் துணிச்சல். 1965 நவம்பரில் தூரின் கண்காட்சியில் வெறும் சேசிஸைத்தான் காட்டினார்கள். மேலே உடல் இல்லை. 1966 மார்ச்சில் ஜெனீவாவில் முழு வண்டியும் நின்றது. இடையில் இருந்தது ஒரு குளிர்காலம் மட்டுமே. தூரினில் கார் உடல்கள் செய்த பெர்தோனே நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த மார்செல்லோ கந்தீனி அதற்குள் உருவத்தை வரைந்துவிட்டார், தகடு அடிப்பவர்கள் அதை அடித்தும் முடித்துவிட்டார்கள்.

அந்த அவசரம் வண்டி முழுக்கத் தெரிகிறது. இன்று அளவெடுத்தபோது இடது முகப்பு விளக்குக் குழியும் வலது குழியும் ஒத்துப்போகவில்லை. கதவு இடுக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. விபத்தில் வந்த கோணலா என்று கேட்டேன். "தொழிற்சாலையில் வந்தது" என்றார் மூத்தவர், பெருமையாகவே.

மார்ச் 6, புதன்

சேசிஸ். மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துப் பெட்டி பெட்டியாகப் பற்றவைத்து, எடை குறைய எங்கும் துளை போட்டிருக்கிறார்கள். முதல் வண்டிகளில் தகட்டின் கனம் 0.9 மில்லிமீட்டர். வளைகிறது என்று தெரிந்ததும் 1 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். அந்தக் காலத்தில் துருவுக்கு எதிராக யாரும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. தண்ணீர் துளை வழியாக உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை. வெளியில் பெயிண்ட் பளபளக்க, உள்ளே பெட்டி அரித்துக்கொண்டிருக்கும். அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் இன்னும் மோசம். ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

அரித்த துண்டை வெட்டி எடுத்து, அதே கனத் தகட்டில் புதுத் துண்டு மடித்துப் பற்றவைக்கிறார்கள். கொஞ்சம் கனமான தகடு போட்டால் பலமாக இருக்குமே என்று யாருக்கும் தோன்றும். போட்டால் அந்த இடம் விறைத்துக்கொள்ளும், முறுக்கு அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கே விரிசல் விடும். பெட்டியை மூடும் முன் உள்பக்கம் மெழுகு பூசுகிறார்கள். இது 1969-இல் கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது, எதையும் மாற்றாது, வேண்டாமென்றால் துடைத்துவிடலாம். இந்த மூன்று சோதனையிலும் தேறினால் புதியதைச் சேர்க்கலாம் என்பது இவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

மார்ச் 8, வெள்ளி

முழு நாளும் டிங்கர் வேலை பார்க்கும் அறையில். இதற்காகவே வந்தேன் என்று சொல்லலாம்.

பின்கூட்டின் ஓரத்தில் எப்போதோ இடிபட்டு, யாரோ பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க விரல் கனத்துக்குப் பட்டி உதிர்ந்தது. அதற்கடியில் அலுமினியம் நசுங்கி, இழுபட்டு, கெட்டியாகக் கிடந்தது. அலுமினியத்தை அடிக்க அடிக்க அது இறுகும். இறுகியதை மேலும் அடித்தால் கிழியும். ஆகவே முதலில் இளக்க வேண்டும். இங்கேதான் சோப்பு வருகிறது. துணி துவைக்கும் சோப்புக் கட்டியைத் தகட்டின் மேல் தேய்க்கிறார் டிங்கர். பிறகு கேஸ் விளக்கின் தீயை மெதுவாக ஓட்டுகிறார். அலுமினியம் சூடேறும்போது நிறம் மாறிக் காட்டாது. இரும்பு போலச் சிவக்காது, திடீரென்று உருகி ஓட்டையாகிவிடும். சோப்பு அதற்குப் பதிலாகப் பேசுகிறது. பழுப்பாகி, கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். ஆறியபின் தகடு கைக்கு இணங்குகிறது.

பிறகு மணல் நிரப்பிய தோல் பை, மரச் சுத்தி, கீழே தாங்கும் இரும்புக் கட்டை. அடி விழுவதை விடத் தடவிப் பார்ப்பதுதான் அதிகம். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் உள்ளங்கைக்குத் தெரிகிறது. கையுறை போட்டுத் தடவுகிறார். வெறும் கை ஒட்டிக்கொண்டு பொய் சொல்லுமாம். கிழிந்த இடத்தை ஆக்சிஜன், அசிட்டிலீன் தீயில் பற்றவைக்கிறார். டிக் வெல்டிங் சுத்தமாக இருக்கும், ஆனால் அந்தத் தையல் கெட்டியாகி, சுத்தியால் அடித்துச் சமப்படுத்த முடியாமல் போகும் என்கிறார்.

சிக்கல் சாயங்காலம் வந்தது. நசுங்கிய பக்கத்தை நிமிர்த்தி முடித்ததும் உதவியாளப் பையன் லேசர் அளவுக் கருவியில் மறுபக்கத்தை அளந்து, அதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, "இந்தப் பக்கம் இவ்வளவு வர வேண்டும்" என்றான். டிங்கர் பார்க்கவே இல்லை. பழைய பெர்தோனே படங்களையும், இடிபடாத இன்னொரு மியுராவின் அதே பக்கத்தில் எடுத்த அச்சையும் எடுத்து வைத்தார். இடது பக்கத்தை இன்னொரு இடது பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டு பக்கத்தையும் தூரினில் இரண்டு பேர் அடித்திருக்கலாம். அந்த இரண்டு பேரில் ஒருவரை அழித்துவிட்டு மற்றவரைப் பிரதியெடுக்க நமக்கு என்ன உரிமை?

நான் டிங்கர் கட்சி.

மார்ச் 11, திங்கள்

எஞ்சினைத் திறந்தார்கள். 3929 சிசி, நான்கு கேம் ஷாஃப்ட், எஸ் மாடலில் 370 குதிரைத்திறன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே வார்ப்படம். அதனால் இரண்டுக்கும் ஒரே ஆயில். பிரிட்டிஷ் மினி காரிலும் இதே ஏற்பாடுதான். ஆனால் மினி குழந்தை, இது காளை. எஞ்சினுக்கு வேண்டிய ஆயில் வேறு, கியர் பற்களுக்கு வேண்டியது வேறு. பாயசத்துக்கும் காரக்குழம்புக்கும் ஒரே கரண்டி போட்ட கதை. கியர் பல் தேய்ந்து விழும் இரும்புத் தூள் எஞ்சின் பேரிங்குக்குப் போகிறது. கடைசியாக வந்த எஸ்வி மாடல் வண்டிகள் சிலவற்றில்தான் ஆயில் தேங்கும் சம்பை இரண்டாகப் பிரித்தார்கள்.

இந்த வண்டியின் சம்பையும் அப்படிப் பிரிக்கலாமா? செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். உரிமையாளருக்கும் ஆசை. பட்டறை மறுத்துவிட்டது. சம்பில் காந்த பிளக், அடிக்கடி ஆயில் மாற்றம், குளிர்ந்த எஞ்சினை முறுக்காமல் இருப்பது, இது போதும் என்கிறார்கள்.

மார்ச் 12, செவ்வாய்

நேற்றுச் சொன்னதற்கு நேர் எதிராக இன்று ஒன்று.

மியுராவுக்குத் தீப்பிடிக்கும் என்ற கெட்ட பெயர் உண்டு, பொய்யில்லை. மூன்று தொண்டை கொண்ட வெபர் கார்புரேட்டர்கள் நான்கு, எஞ்சின் தலைமேல் உட்கார்ந்திருக்கின்றன. பந்தய வண்டிக்கென்று வந்த வகை. நெரிசலில் நின்று உறுமிக்கொண்டிருந்தால் பெட்ரோல் வழிந்து மேலேயே தேங்கும். கீழே கொதிக்கும் உலோகம். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு பொறி போதும்.

இங்கே பழமையைக் காப்பாற்றும் பேச்சே இல்லை. ரப்பர் குழாய்கள் அனைத்தும் குப்பைக்கு. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்கள். மிதவை மட்டத்தைத் திருத்துகிறார்கள். வழிந்தது வெளியேற வடிகால். எஞ்சின் அறையில் தீயணைப்பான். விளக்குக் குழியின் கோணல் தொழிற்சாலையில் வந்தது என்று போன வாரம் பெருமைப்பட்ட அதே மூத்தவர்தான் இதை முன்னின்று செய்கிறார். முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று செய்தவரின் கையெழுத்து, மற்றொன்று ஆளைக் கொல்லும்.

மார்ச் 14, வியாழன்

கந்தீனி நேற்று இறந்துவிட்டார். வயது 85. காலையில் வானொலியில் கேட்டுவிட்டு வந்த டிங்கர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலையைத் தொடங்கினார். பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மியுராவை வரைந்தபோது அவருக்கு 27 வயது. பிறகு கவுன்டாக், லான்சியா ஸ்ட்ராட்டோஸ். அவருக்கு முன் பெர்தோனேயில் இருந்த ஜுஜாரோவுக்கு மியுராவில் எவ்வளவு பங்கு என்று இத்தாலியில் இன்னும் வழக்கு நடக்கிறது, தேநீர்க் கடைகளில். எனக்கு அதில் ஆர்வமில்லை. நிலத்திலிருந்து 105 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு வடிவத்தில் முகப்பு விளக்கை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட விடைதான் ஆர்வம். மல்லாந்து படுத்து வானம் பார்க்கும் விளக்கு, சுற்றிலும் இமை முடிகள் போலக் கறுப்புக் கம்பிகள். அந்த விளக்கு ஃபியட் 850 ஸ்பைடர் என்ற சாதாரண வண்டியிலிருந்து எடுத்தது! உலகமே வாய் பிளந்த காருக்குக் கடைத்தெரு விளக்கு. ஃபியட் வடிவமைத்து மும்பையில் செய்த பத்மினியில் வளர்ந்த எனக்கு இது ஏனோ சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 15, வெள்ளி

நிறச் சண்டை. உரிமையாளருக்குச் சிவப்பு வேண்டும். கதவுக் கீல் அடியில் தேய்த்தால் சிவப்பு, அதன் கீழ் வெள்ளை, அதன் கீழ் பச்சை. தொழிற்சாலைப் பதிவேட்டிலும் பச்சைதான்: வெர்தே மியுரா. லம்போர்கினி தன் பழைய வண்டிகளுக்கென்று போலோ ஸ்தோரிகோ என்ற பிரிவை 2015-இல் தொடங்கியது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் பதிவேட்டைப் பார்த்து எஞ்சின் எண், பாடி எண், நிறம் எல்லாம் சொல்வார்கள். 1969-இல் வந்த 'தி இத்தாலியன் ஜாப்' படத்தின் தொடக்கத்தில் மலைப்பாதையில் ஓடும் ஆரஞ்சு மியுரா எதுவென்று பல வருடம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 3586 என்ற சேசிஸ்தான் அது என்று ஆவணங்களையும் பழைய ஊழியர்களின் சாட்சியத்தையும் வைத்து 2019-இல் உறுதி செய்தது இந்தப் பிரிவுதான்.

உரிமையாளர் இறங்கி வந்துவிட்டார். பதிவேட்டின் மேல் உள்ள மரியாதையாலா, சொந்த நிறத்தில் இருந்தால் விலை கூடும் என்பதாலா, கேட்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

மழை. வேலை குறைவு. பேச்சு லம்போர்கினியின் கவுன்டாக் எல்பி500 பக்கம் திரும்பியது. 1971-இல் ஜெனீவாவில் காட்டிய அந்த மஞ்சள் வண்டியை 1974-இல் இங்கிலாந்தில் மோதல் சோதனைக்குக் கொடுத்து நொறுக்கிவிட்டார்கள். ஒரு சேகரிப்பாளர் கேட்டுக்கொண்டதால் போலோ ஸ்தோரிகோ அதைப் படங்களிலிருந்தும் கூட்டக் குறிப்புகளிலிருந்தும் முதலிலிருந்து செய்து 2021-இல் காட்டியது. 25,000 மணி நேர வேலை. அந்தக் காலத்து டயரைக்கூடப் பிரெல்லி தன் ஆவணத்திலிருந்து மறுபடி செய்து கொடுத்தது.

பையன்களுக்கு அது சாதனை. மூத்தவருக்கு அது மிக நல்ல புது வண்டி, அவ்வளவே. நான் அவர் பக்கம் சாய்கிறேன், முழுதாக இல்லை. இல்லாமல் போனதைச் செய்து பார்த்தவர்கள் தகடு அடிக்கும் தொழிலை ஒரு தலைமுறைக்கு உயிரோடு வைத்திருக்கிறார்கள். அது சின்னக் காரியமில்லை. ஆனால் போட்டி மேடைகளில் பரிசு வாங்கும் பல "பழைய" வண்டிகளும் இதே ரகம்தான் என்பதை ஏன் யாரும் சொல்வதில்லை? பிறந்தபோது இல்லாத பளபளப்பு, பிறந்தபோது இல்லாத நேர்த்தி. 1969-இல் பெயிண்ட் அடித்தவர் இதைப் பார்த்தால் வேறு கம்பெனி வண்டி என்று நினைப்பார்.

மார்ச் 20, புதன்

கம்பாஞ்ஞோலோ செய்த மெக்னீசியச் சக்கரங்கள் எக்ஸ்ரே பரிசோதனையிலிருந்து திரும்பின. நான்கில் ஒன்றில் விரிசல். மெக்னீசியம் வயதானால் இப்படித்தான். ஓட்டுவதற்குப் புதுச் சக்கரம் வாங்குவார்கள். பழையது சீட்டோடு பெட்டியில் இருக்கும், விற்றாலும் வண்டியோடு போகும். மாற்றிய பாகம் ஒவ்வொன்றும் ஒரு தடித்த கோப்பில் பதிவாகிறது: எது பழையது, எது புதியது, ஏன் மாற்றினோம். இங்கே பார்த்ததில் சோப்புக் கட்டிக்கு அடுத்தபடி எனக்குப் பிடித்தது இந்தக் கோப்புதான்.

நாளை கிளம்புகிறேன். பெயிண்ட் அடிக்க இன்னும் மாதங்கள் ஆகும்.

ஊரில் வீட்டு ஓரத்தில் பத்மினியோ, வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் விடும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், கதவுக் கீல், டிக்கி அடி உட்பட. கழற்றிய போல்ட்டைத் தூக்கி எறிய விடாதீர்கள். முழுதும் சுரண்டும் முன் உள்ளங்கை அளவுக்குப் பழைய பெயிண்டை எங்காவது விட்டு வைக்கச் சொல்லுங்கள். பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் மட்டும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.