நின்றுபோன தகரப் படகு

பஃபலோ சாலையில் உள்ள அந்த அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை அலமாரியில் ஒரு தகரப் படகு இருந்தது. அதன் நீளம் ஒரு சாண்கூட இருக்காது. சிவப்புச் சாயம் பாதி உரிந்துவிட்டது. 1960களில் சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தையில் தம் தந்தை வாங்கித் தந்த படகு அது என்று தாத்தா சொல்வார். அந்தச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. அதன் பிறகு படகின்மீது அவருக்கு இருந்த பிடிப்பு இன்னும் கூடியது.

அந்தப் படகின் இயந்திரத்தில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. ஒரு சிறிய கொதிகலன், அதன் மேற்புறத்தில் மெல்லிய பித்தளைத் தகடு, கொதிகலனிலிருந்து படகின் பின்புறமாக நீருக்குள் இறங்கும் இரண்டு குழாய்கள். அவ்வளவுதான். குழாய்களையும் கொதிகலனையும் நீரால் நிரப்பி, கீழே மெழுகுவர்த்தியை ஏற்றினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகும். அந்த ஆவி, குழாய்களில் உள்ள நீரைப் பின்னோக்கித் தள்ள, படகு முன்னே நகரும். குழாயின் குளிர்ந்த பகுதியை எட்டியதும் ஆவி மீண்டும் நீராகச் சுருங்கும்; வெளியே இருக்கும் நீர் உள்ளே ஏறும். வெளியேறும் நீர் ஒரே திசையில் பீறிடுகிறது. உள்ளே வரும் நீரோ எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் படகு பின்வாங்குவதில்லை. ஒவ்வொரு முறையும் பித்தளைத் தகடு உப்பி அமுங்கும்போது எழுவதுதான் ‘டப் டப்’ ஓசை.

இத்தகைய படகுக்கு 1891ஆம் ஆண்டு தாமஸ் பியோ என்பவர் பிரிட்டனில் காப்புரிமை கோரினார். 2008இல் வெளிவந்த ‘போன்யோ’ என்ற ஜப்பானிய உயிரோவியப் படத்திலும் ஒரு சிறுவன் மெழுகுவர்த்தியால் ஓடும் படகை வைத்திருப்பான்.

உயர்நிலை இரண்டில் படித்த பேத்திக்கும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அலமாரிப் படகின்மீது ஆசை வந்தது. ஒரு நாள் தாத்தா வீட்டில் இல்லாதபோது அதை எடுத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்துப் படகை மிதக்கவிட்டு, மெழுகுவர்த்தியை ஏற்றினாள். கொதிகலனுக்குள்ளும் நீர் நிரப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. சில நிமிடங்கள் கழிந்தன. ஓசை எழவில்லை. ‘டிக்’ என்று எதுவோ விட்டுப்போன சத்தம் மட்டும் கேட்டது. பயந்துபோய் நெருப்பை அணைத்தாள். படகைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தாத்தா படகைக் கீழே இறக்கினார். மாலையில் உறவுக்காரப் பிள்ளைகள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் படகை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால், படகு ஓடவில்லை.

“இதை யாராவது எடுத்தீர்களா?” என்று அவர் பொதுவாகக் கேட்டார்.

“இல்லை, தாத்தா” என்றாள் பேத்தி. அந்தச் சொல் அவள் நினைப்பதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது.

தாத்தா கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்ப்பது அவர் பழக்கம். முதலில் மெழுகுவர்த்தியை மாற்றினார், பயனில்லை. குழாய்களுக்குள் மெல்லிய கம்பியைவிட்டுத் துருவை நீக்கினார், பயனில்லை. உள்ளே காற்று தங்கியிருக்கலாம் என்று எண்ணி, ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு குழாயின் வழியே நீரைச் செலுத்தி, மற்றொன்றின் வழியே குமிழி இல்லாமல் நீர் வரும்வரை காத்திருந்தார். அப்படியும் பயனில்லை. ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

“போன முறை நன்றாக ஓடியது. சும்மா இருந்த படகில் பற்றவைத்த ஒட்டு விட்டுப்போகாது. அப்படியென்றால், பித்தளைத் தகடுதான் வெடித்திருக்க வேண்டும். கொதிகலனை வெட்டித்தான் பார்க்க வேண்டும்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தார்.

வெட்டினால் அந்தக் கொதிகலன் பழைய நிலைக்குத் திரும்பாது. பேத்திக்கு அது தெரியும். அவர் வைத்த கணக்கில் பிழை இல்லை. அவளுடைய பொய்யை நம்பித்தான் அவர் கணக்குப் போட்டார்.

“தாத்தா, வெட்டாதீர்கள்! நான்தான் எடுத்தேன். தண்ணீர் நிரப்பாமல் சூடாக்கிவிட்டேன்.”

தாத்தாவின் கை நின்றது. அவள் திட்டை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். சிறிது நேரம் அவர் எதுவும் பேசவில்லை. கத்தரியை மேசைமேல் வைத்தார்.

“எவ்வளவு நேரம் எரிந்தது?”

“ஐந்து நிமிடம் இருக்கும், தாத்தா.”

“ஏதாவது சத்தம் கேட்டதா?”

“‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.”

“அப்படியா! வா, பக்கத்தில் உட்கார்.”

அவர் ஒரு குழாயின் வாயை விரலால் அடைத்து, கொதிகலனை நீரில் அமிழ்த்தி, மற்றக் குழாயில் ஊதச் சொன்னார். அவள் ஊதினாள். குழாய் கொதிகலனுடன் சேரும் இடத்திலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. அங்கேதான் ஒட்டு விட்டிருந்தது.

காரணத்தைத் தாத்தா விளக்கினார். வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய பற்றாசு ஏறத்தாழ 183 பாகை செல்சியசில் உருகத் தொடங்கும். மெழுகுவர்த்திச் சுடரின் வெப்பமோ அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால், கொதிகலனில் நீர் இருக்கும்வரை அந்த வெப்பத்தை நீர் வாங்கிக்கொள்ளும். கொதிக்கும் நீரின் வெப்பநிலை 100 பாகையை ஒட்டியே இருப்பதால் ஒட்டும் உருகாது. நீர் இல்லையென்றால் வெப்பம் முழுவதும் ஒட்டின்மீது பாயும்.

இருவரும் சிம் லிம் டவர் வரை நடந்து சென்று, காரீயம் கலவாத பற்றாசு வாங்கி வந்தார்கள். சன்னல்களைத் திறந்து வைத்தார்கள். ஒட்டு விட்ட இடத்தைப் பேத்தி உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்தாள். அழுக்கு இருந்தால் பற்றாசு பிடிக்காது. தாத்தா சூடான கருவியை வைத்துப் பற்றவைத்தார். ஆறிய பிறகு அவள் மீண்டும் ஊதிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

சிங்கப்பூரில் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ என்ற முயற்சி 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்கே பழுதான பொருளைக் கொண்டுவருபவர், தொண்டூழியருடன் சேர்ந்து அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறார். பொருள் எப்படிக் கெட்டது என்பதை அதைப் பயன்படுத்தியவரால்தானே சரியாகச் சொல்ல முடியும்?

மாலையில் உறவுக்காரப் பிள்ளைகள் வாளியைச் சூழ்ந்து நின்றார்கள். பேத்தியே கொதிகலனில் நீரை நிரப்பி, மெழுகுவர்த்தியை ஏற்றினாள். சற்று நேரம் அமைதி. பிறகு, ‘டப்... டப் டப்...’ என்று படகு கிளம்பியது. புதிதாக ஒட்டிய குழாய் சற்றுக் கோணலாக அமைந்துவிட்டதால், படகு இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு, தாத்தா ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பட்டறையில் எழுதிப் பழகியதைப் போல அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று, என்ன செய்தோம். முதல் கட்டத்தையும் மூன்றாவது கட்டத்தையும் அவர் நிரப்பினார். நடுக் கட்டத்தை விட்டுவிட்டுப் பேனாவைப் பேத்தியிடம் நீட்டினார்.

அவள் தயங்கவில்லை. “தண்ணீர் நிரப்பாமல் நான் சூடாக்கினேன்” என்று எழுதி, தேதியையும் குறித்தாள்.