வீதிக்கு வந்த ஒளி

பரந்தனில் வளர்ந்த எமது தலைமுறைக்கு ஒளி அழகுப் பொருளாக அறிமுகமாகவில்லை. போர்க்காலத்தில் வானிலிருந்து இறங்கிய பரா வெளிச்சம் எம்மைப் பதுங்குகுழிக்கு விரட்டியது. மண்ணெண்ணெய் அருகிய நாட்களில் ஜாம் போத்தல் விளக்கே பாடம் படிக்க உதவியது.

அந்தக் கண்களோடுதான் 2020 நவம்பரில் லண்டன் டேற் பிரிட்டன் கலைக்கூடத்தின் முன் நின்றோம். கொள்ளைநோயால் கதவுகள் அடைபட்டிருந்தன. ஆனால் தீபாவளியையொட்டி முகப்பெங்கும் நியோன் விளக்குகள்! அமைத்தவர் சில்லா குமாரி சிங் பர்மன். பஞ்சாபிக் குடியேறிகளின் மகள். ஜான்சி ராணியோடு, தந்தையார் ஓட்டிய ஐஸ்கிறீம் வானின் நினைவுகளும் அவ்வொளியில் கலந்திருந்தன. ஏகாதிபத்தியச் சின்னமான பிரித்தானியாவின் உருவம் காளியாக மாறியிருந்தது.

அம்மாளிகை சர்க்கரை வணிகர் ஹென்றி டேற்றின் செல்வத்தால் எழுந்து 1897 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அவ்விடத்தில் நின்றது மில்பாங் சிறைச்சாலை. சர்க்கரைக்குப் பின்னால் கரும்புத்தோட்ட உழைப்பாளரின் வியர்வை உண்டென்பதை யார் அறியார்? அத்தகைய சுவரிலே ஒரு குடியேறியின் பிழைப்பு ஒளிர்ந்தது வெறும் அலங்காரமன்று.

சில மாதங்களில் விளக்குகள் அகற்றப்பட்டன. மாளிகை மாறாது நிற்கிறது. ஆகவே, ஒரு பருவத்துச் சுவரை இரவல் பெறுவதே விடுதலை என நாம் மயங்கலாகாது. எனினும் ஒன்று உறுதி: கலை வாசல் தாண்டி வீதிக்கு வந்தால், உள்ளே நுழையத் தயங்கும் உழைப்பாளியும் அதன் முன் தலைநிமிர்ந்து நிற்பான். எமது ஆசிரியர்களே, மாணவர்களே, உப்பளத்திலும் வயலிலும் உழைப்போரின் முகங்களை நமது ஊர்ச் சுவர்களில் ஒளிரச் செய்ய யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்?