துளசியும் கோழியும்

தாய்லாந்தில் ‘பட் கப்ராவ்’ என்றொரு பண்டம். பட் என்றால் பெருந்தீயில் புரட்டி வதக்குவது. கப்ராவ் இலையின் பெயர். கோழி, பன்றி, மாடு, இறால் எது வேண்டுமானாலும் மாறி மாறி வரலாம். இலை மட்டும் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. கடையில் என்ன கேட்பதென்று தோன்றாதவன் இதைத்தான் கேட்பானாம். யோசனை தீர்ந்தவனின் சாப்பாடு என்ற கேலியும் அங்கே உண்டு.

ஆங்கிலச் செய்முறைகளில் இந்த இலை வெறும் ‘பேஸில்’ ஆகிவிடுகிறது. அது பல செடிகளுக்குப் பொதுச்சொல். அகராதியை நம்பித் தமிழாக்குகிறவன் திருநீற்றுப்பச்சையில் போய் நிற்பான். அந்த இனத்தைத் தாய்க்காரர்கள் ஹோராபா என்கிறார்கள். சோம்பு வாசனை அடிக்கும். பச்சைக் குழம்பில் போடுவார்கள். மேல்நாட்டில் கப்ராவ் அகப்படாத உணவகங்கள் ஹோராபாவைப் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றாமல் விற்கின்றன. (ஆங்கிலம் வழியாக நமக்கு வந்து சேர்ந்த ருஷ்யர்களில் எத்தனை பேர் ஹோராபாக்கள் என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு.) உண்மையான கப்ராவ் துளசிதான். ரகம் வேறு, இனம் ஒன்று.

ஆக, நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற மீன் சாஸும், சிப்பி சாஸும் கடையில் சுலபமாகக் கிடைத்துவிட்டன. பின்கட்டில் நின்றிருந்த செடிதான் கிடைப்பதாயில்லை.

எங்களுடையது புரட்டாசியில் கவிச்சி தொடாத வீடு. மற்ற மாதங்களில் ஞாயிறு தோறும் கோழி உண்டு. மாடத்துத் துளசியை அம்மா துவாதசியன்றும் பொழுது சாய்ந்த பிறகும் தொடமாட்டாள். விஷயத்தைச் சொன்னதும், “கவிச்சியில துளசியா? நாக்கு அழுகிடும்டா” என்றாள். சளிக்குக் கஷாயம் வைக்கிறாயே, அதுவும் கொதிக்கிற தண்ணீர்தானே என்றேன்.

“மருந்து வேறடா. தாயே, எடுத்துக்கறேன்னு கேட்டுட்டுத்தான் கிள்றேன். கோழிக்குன்னு சொல்லி எப்படிக் கேக்கறது?”

மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்குவது சுலபம். எனக்கு அப்படிப் படவில்லை. எதைக் கேட்டு எடுக்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்ற இந்தத் துல்லியம் நம் விமர்சனக் கட்டுரைகளில் அபூர்வம். அதே சமயம் தாய்லாந்துக்காரனும் நம் கதை தெரியாதவனல்ல. ராமாயணத்தை ராமகியன் என்று தனதாக்கிக்கொண்டவன். இன்றைய மன்னர்வரை பத்துப் பேரை முதலாம் ராமா, இரண்டாம் ராமா என்று எண்ணுகிறான். ராமனைச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டுத் துளசியை அடுப்பில் போட்டிருக்கிறான். இதில் எது கலாச்சாரம், எது அதன் மீறல் என்று இங்கிருந்துகொண்டு யார் தீர்ப்புச் சொல்வது?

வழி பிறந்தது மனைவியால். கதிர் உதிர்த்த விதைகளைப் பொறுக்கி மொட்டைமாடியில் ஒரு பெயிண்ட் டப்பாவில் தூவினாள். இரண்டு மாதத்தில் முழங்கால் உயரம். அம்மா ஏறி வந்து பார்த்தாள். விளக்கு வைக்கவில்லை, கும்பிடவுமில்லை. “இது செடி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மாடத்தில் இருப்பதன் விதையே என்பது அவளுக்குத் தெரியும்.

இருநூறு கிராம் கோழித் தொடையை எலும்பு நீக்கிக் கத்தியால் பொடியாகக் கொத்திக்கொள்ள வேண்டும். இயந்திரத்தில் அரைத்தால் கூழாகிவிடும். ஆறு பல் பூண்டு, காரமான மிளகாய் ஆறு, உரலில் ஒன்றிரண்டாக இடிப்பு. இரும்பு வாணலி புகையக் காயட்டும். எண்ணெயில் இடித்ததைப் போட்டால் வீடே தும்மும். உடனே கோழி. நிறம் மாறியதும் மீன் சாஸ், சிப்பி சாஸ், சோயா, அரை ஸ்பூன் சர்க்கரை. வெங்காயமும் பீன்ஸும் பேபி கார்னும் சேர்க்கிறவர்கள் உண்டு. இலையில் நம்பிக்கை இழந்தவர்கள். அடுப்பை அணைத்த பிறகே இரண்டு கைப்பிடி துளசி, இரண்டு புரட்டல். கிராம்பில் உள்ள யூஜினால்தான் இதிலும். சூட்டில் நின்றால் ஆவியாகிப் போய்விடும். சோற்றின் மேல் கொட்டி, ஓரம் முறுகப் பொரித்த முட்டையைப் பக்கத்தில் வைப்பது வழக்கம்.

முதல் வாயில் எனக்குக் கோவில் தீர்த்தத்தின் ஞாபகம் வந்தது. உடனே மிளகாய் அதை அடித்துக்கொண்டு போயிற்று. அம்மா முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டாள், வேறு தட்டில்.